மாடி அறைக்கு விளக்கு

அன்புள்ள சிவசங்கருக்கு,

நாம் கட்டப்போகும் வீட்டின் இரவுப் படத்தில், மாடியில் இருக்கும் உன் அறைக்கு விளக்குப் போடுவதா, அணைத்து வைப்பதா? நலம் விசாரிக்கும் முன்பே இதைக் கேட்கிறேன், ஏனென்றால் பல நாட்களாக யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. மற்றபடி நான் சுகம்தான். மழை விட்டுவிட்டது, காலையில் எட்டு மணி வரைக்கும் மலை பனிக்குள் மறைந்து கிடக்கிறது, முழங்கால் வலி போன மாதத்துக்கு இந்த மாதம் குறைவு. நீயும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன், அங்கே பின்லாந்தில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்று நீ சொன்னதிலிருந்து மூன்று அடித்தால் ஜன்னல் பக்கம் பார்க்கிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ சரிம்மா, சரிம்மா என்பாய், நானும் வைத்துவிடுவேன். சாமையும் கடுக்காய்ப் பொடியும் பார்சலில் அனுப்பத்தான் போகிறேன், அதோடு இந்தக் கடிதமும் வரட்டும்.

என் வேலை எப்படிப் போகிறது என்று நீ எப்போதோ கேட்டாய், அன்று நன்றாகப் போகிறது என்று மட்டும் சொன்னேன். உன் அப்பா போன பிறகு அவருடைய கட்டட ஆபீசை அவரிடம் வேலை பழகிய அன்புச்செல்வன்தான் நடத்துகிறான், பிளான் அவன் போடுவான், கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பது நான். முன்பெல்லாம் பகல் படம் போதும் என்பார்கள், இப்போது எல்லோருக்கும் இரவுப் படமும் வேண்டும். பகல் சாப்பாடு முடிந்ததும் திரையில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்து இரவு செய்கிறேன். அதில் முழு இருட்டு கிடையாது, முழு இருட்டில் வீடே தெரியாது, சூரியன் விழுந்து வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வானத்தை அப்படி வைத்துவிட்டு ஒவ்வொரு அறைக்கும் ஒரு விளக்கு, அது எவ்வளவு மஞ்சள், எவ்வளவு பலம் என்று எண் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் கணக்குப் போட ஆரம்பிக்கும். அது முடியும் வரை வீட்டில் அதன் விசிறிச் சத்தம் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் பொய் வேலை. படம் புள்ளி புள்ளியாக வரும், அதைத் துடைக்க வேண்டும், விளக்கைச் சுற்றி ஒரு மினுமினுப்பு பூச வேண்டும், ஓரங்களை இருட்டாக்க வேண்டும், வாசல் தரையை ஈரமாக்கி அதில் வெளிச்சம் விழுகிற மாதிரி காட்ட வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஒளியியல் படித்தவள் நான், எந்த விளக்கும் அப்படி ஒளிராது என்று எனக்குத் தெரியும், ஆனால் அப்படிச் செய்தால்தான் வீடு அழகாக இருக்கிறது என்கிறார்கள். செருப்புக்கடை ஷேக் பரீத் பாயை உனக்கு நினைவிருக்கும், அவர் புது வீட்டுப் படத்தைப் பார்த்ததும் தரை இன்னா இப்டி ஈரமா இருக்கு, டேங்க் ரொம்பி வழியுதா, மோட்டார அமத்தச் சொல்லுங்கம்மா என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஆனால் அவர் மனைவி ரசூல் பீவி சிரிக்கவில்லை. எல்லா ஜன்னலிலும் வெளிச்சம், கேட்டும் வாசல் கதவும் விரியத் திறந்து, வாங்க வாங்க என்பது போல் செய்திருந்தேன், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, இன்னா செல்வி இது, அத்தினி லைட்டையும் போட்டு கேட்டையும் தொறந்து வுட்டுக்கினு, மவுத்தான வூடு மாதிரி இருக்குதே, ஜனம் வர்றதுதான் பாக்கி என்றார். சாவு வீடு என்றதும் எனக்குச் சட்டென்று அப்பா போன ராத்திரி ஞாபகம் வந்தது. நம் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, ஒரு விளக்கைக் கூட யாரும் அணைக்கவில்லை, கதவைச் சாத்தவில்லை. அப்போது நீ பின்லாந்து போயிருக்கவில்லை, இருந்தும் வந்து சேர்ந்தபோது காலையாகிவிட்டது, அதனால் நீ அதைப் பார்க்கவில்லை. இத்தனை படம் செய்து கொடுத்திருக்கிறேன், இது எனக்குத் தோன்றவே இல்லை பார். உடனே கேட்டைச் சாத்தினேன், அடுப்படிக்கு ஒன்று, கூடத்துக்கு ஒன்று, வாசலில் ஒன்று என்று விட்டுவிட்டு மற்றதையெல்லாம் குறைத்தேன். குவைத்தில் இருக்கும் அவர்கள் மகன் சுஐபின் அறையை என்ன செய்ய என்று கேட்டேன். அமத்தியே வை, அவன் வந்து அவன் கையால போடட்டும் என்றார் ரசூல் பீவி. எனக்கு அது சரியாகவே பட்டது.

படம் குவைத்துக்குப் போனது. மறுநாளே அவன் போன் செய்து, எல்லா ரூமுக்கும் கரண்டு குடுத்துட்டு என் ரூமுக்கு மட்டும் ஃபியூஸ் புடுங்கிட்டீங்களாம்மா என்று கேட்டிருக்கிறான். வேடிக்கையாகத்தான் கேட்டிருக்கிறான், ஆனால் உடனே போனை வைத்துவிட்டானாம். ரசூல் பீவி நேரே என்னிடம் வந்து உட்கார்ந்துகொண்டு, சரி லைட்டையே போடு என்றார். போட்டுக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு, என் ரூம்ல யாரு இருக்கிறது, ருக்சாருக்குக் குடுத்துட்டீங்களா என்றானாம். ருக்சார் அவன் தங்கை. லைட்ட அமத்தினா மறந்துட்டோம்னு சொல்றான், போட்டா நான் இல்லாமயே வூடு ரொம்பிடுச்சான்றான், நீ படிச்சவ, நீயே சொல்லு செல்வி, புள்ளைய படத்துல கூட வைக்க முடியலியே, நான் இன்னாதான் பண்றது என்று கேட்டார். நான் எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தேன்.

இதெல்லாம் முடிந்துதான் நம் வீட்டுப் படத்துக்கு வந்தேன். கச்சிராயபாளையம் ரோட்டில் அப்பா வாங்கிப் போட்ட அதே மனை, அவர் கையால் போட்ட அதே பிளான். கீழே கூடம், அடுப்படி, ஒரு படுக்கையறை, மேலே மலையைப் பார்த்த மாதிரி உனக்கு ஒரு அறை. கீழே எனக்குச் சந்தேகமே வரவில்லை, நான் எந்த அறையில் இருக்கிறேனோ அதில்தான் விளக்கு, இப்போதிருக்கும் வாடகை வீட்டிலும் அப்படித்தான். மேலேதான் தடங்கல். போட்டுப் பார்த்தேன், விளக்கு எரிகிறது என்றால் யாரோ சுவிட்சைத் தட்டியிருக்க வேண்டும், யார் தட்டியது? அணைத்துப் பார்த்தேன், உன்னைக் குற்றம் சொல்வதற்காகவே ஒரு படம் செய்தது போல் இருந்தது. மாடியையே எடுத்துப் பார்த்தேன், ஒரு பட்டனைத் தட்டியதும் போய்விட்டது, ஒரு சத்தம் கூட இல்லை, பயந்துபோய் உடனே திரும்பக் கொண்டுவந்தேன்.

இது படத்தோடு நிற்கிற விஷயம் இல்லை என்பது உனக்குப் புரியும். நாளைக் காலை அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டுகிறார்கள். ஒரு மாடிக்கும் சேர்த்து என்றால் குழியும் பெரிதாக வேண்டும், கம்பியும் கனமாக வேண்டும். அன்புச்செல்வன் சாயங்காலம் வந்து, அக்கா, கீழ மட்டுமா மாடியுமான்னு கன்ஃபார்மா சொல்லிடுங்க, அப்பறம் மாத்த முடியாது, சிவசங்கர் தம்பி வருதா வரலியான்னு ஒரு வார்த்த கேட்டுடுங்களேன் என்றான். கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. அங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கு எழுதிப் போட்டிருப்பதாகப் போன வாரம் நீ சொன்னாய், மாடியைப் பற்றிக் கேட்டதற்குப் பார்க்கலாம்மா என்றாய். பார்க்கலாம் என்பதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும், நானும் என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். உன்னைக் குறையாகச் சொல்லவில்லை. வருகிறேன் என்று எனக்காக எழுதாதே, நான் நம்பமாட்டேன். வரமாட்டேன் என்றும் எழுத வேண்டாம், அதை மட்டும் நம்பிவிடுவேன்.

சாமையைக் கழுவி அரைமணி நேரமாவது ஊற வைத்து வடி, அரிசி மாதிரி அவசரப்பட்டால் செரிக்காது. வெயில் இல்லாத ஊர் என்பதால் டாக்டர் சொன்ன மாத்திரையை விடாமல் போட்டுக்கொள். காலுறை ஈரமாக இருந்தால் மாற்று. இருட்டிய பிறகு அறையிலேயே அடைந்து கிடக்காதே, நாலு பேரோடு இரு. நோய் நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் நினைவு நாள் தையில் வருகிறது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
செந்தமிழ்ச்செல்வி

பார்சலைக் கட்டுவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது, நடந்ததை எழுதிவிடுகிறேன். காலையில் மனைக்குப் போனேன், ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கீழே மட்டும் போதும் என்று சொல்லத்தான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டே போனேன். அன்புச்செல்வன் கேட்டதும் வாயில் வந்தது வேறு. அஸ்திவாரம் ரெண்டுக்கும் போடு, இப்போது கீழே மட்டும் கட்டு, மேலே பில்லர் கம்பியை விட்டு வை என்றேன். மழையில துருப் புடிக்குமே அக்கா என்றான். சிமெண்ட் பால் அடித்து வைப்போம், வருஷா வருஷம் நானே அடிக்கிறேன் என்றேன். அவன் ஆட்களிடம் கயிற்றை அகலமாக்கச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து படத்தைத் திரும்பச் செய்தேன். மாடியை எடுத்துவிட்டேன், கம்பிகளை வைத்துவிட்டேன். அன்புச்செல்வன் பார்த்துவிட்டு, கம்பிய நீட்டிக்கினு யாராச்சும் படம் காட்டுவாங்களா அக்கா, வூடு முடியாத மாதிரி இருக்குதே என்றான். முடியவில்லைதானே என்றேன். தரையை ஈரமாக்கவில்லை, மினுமினுப்பு எதுவும் பூசவில்லை. அடுப்படியில் ஒரு விளக்கு மட்டும் எரிகிறது. மேலே கம்பிகளுக்கு நான் விளக்குப் போடவில்லை. வானம் இன்னும் முழுசாக இருட்டவில்லை, அதனால் அவை தெரிகின்றன.