முன்பலகைக்கு இரண்டு பேர்

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நான் நலம் என்று சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாதே!

உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பாய்மரப் படகைச் சுரண்டி, புது வார்னிஷ் அடிக்கப் போகிறாயாம். சொன்னது நீயா? இல்லை, உன் அம்மா. வார்னிஷைத் தேர்ந்தெடுப்பது உன் மாமனாராம். மூக்குக் கண்ணாடி விற்றவருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் அடித்த வார்னிஷில் ஒரு கப்பல் கேப்டன் முகம் பார்த்துச் சவரம் செய்துகொண்டு போனான். கடற்பறவை ஒன்று தன் நிழலைக் கொத்திக் கொத்தி அலகை வளைத்துக்கொண்டது.

ஒரே டப்பாவில் வரும் எண்ணெய் வார்னிஷ்தான் அடிக்க வேண்டும். பழைய பலகை வெயிலில் சுருங்கும், தண்ணீரில் உப்பும். மேலே இருப்பதும் கூடவே நெளிந்து கொடுக்க வேண்டும். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். சுக்கானில் நீ, முன்பலகையில் நான். முதல் ஓட்டத்துக்கு இப்போதே சொல்லி வைத்தேன்.

உன் மாமா

மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

கோபப்படாதீர்கள். நேரில் சொல்லலாம் என்று இருந்தேன், நீங்கள்தான் வருவதே இல்லை.

என் மாமனார் டப்பா டப்பாவாக எடுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பொடி எழுத்தையெல்லாம் படித்தார். "ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிறதுதாம்மா சரி. கண்ணாடி மாதிரி நிக்கும். வருஷா வருஷம் முதுகு ஒடிய வேண்டாம்" என்கிறார். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. உங்கள் பழைய பூச்சு கெட்டியாக இருப்பதால், சுரண்டக்கூட வேண்டாம், அதன் மேலேயே அடித்துவிடலாமாம்.

இன்னொன்று. அவருக்கும் முன்பலகையில் உட்கார ஆசை. இந்த வயதில் நீச்சல் கற்கப் போகிறார், மாமா! அவரிடம் எப்படி மாட்டேன் என்று சொல்வது? ஒரு நடை வந்து பாருங்களேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

மார்ச் 15

மருமகளே,

படித்தேன். சோறு இறங்கவில்லை. நீச்சலா! நான் தண்ணீரில் விழுந்தால் தண்ணீர்தான் நனையும் என்று ஊரே சொல்லும். அவர் குளத்தில் காலை உதைத்தால் உனக்குப் பெருமையோ? அவரையும் "மாமா" என்றுதான் கூப்பிடுகிறாயாம். கூப்பிடு, கூப்பிடு. என்னைப் பக்கத்து வீட்டுக்காரர் என்று கூப்பிடேன்!

கண்ணாடி மாதிரி நிற்குமாம். கண்ணாடி உடையுமே அம்மா, அவருடைய பிழைப்பே அதை வைத்துத்தானே நடந்தது! நான் எட்டாவதுக்கு மேல் படிக்காதவன், பொடி எழுத்து வேண்டாம். ஒரு பந்தயம். உள்பக்கம் ஒரு மூலையில், என் பழைய பூச்சின் மேல் கை அகலத்துக்கு அவர் சரக்கை அடித்துப் பாருங்கள். நின்றால் பாதி மீசையை எடுத்துவிடுகிறேன், முன்பலகை சம்பந்திக்கே. நிற்காவிட்டால் அது எனக்குத்தான்.

வர நேரமில்லை. மாடியிலிருந்து கீழ் அறைக்குக் குடி மாறியிருக்கிறேன், காற்றுக்காக. வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி ஒன்றும் வாங்கியிருக்கிறேன். என்னைப் பார்த்துத் தெருவில் எல்லோரும் அதே மாதிரி தேடுகிறார்கள்.

உன் மாமா (முதலில் வந்தவர்)

மார்ச் 27

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். சாயங்காலம் அடித்தோம். காலையில் போய்ப் பார்த்தால் பாலாடை மாதிரி சுருங்கிக் கிடக்கிறது. அதன் காரம் அடியிலிருந்த உங்கள் பூச்சையும் அரித்து, விரல் பட்டதும் இரண்டும் உரிந்து வந்துவிட்டன. மூலையோடு போயிற்று. முழுப் படகுக்கும் அடித்திருந்தால் அழுதிருப்பேன்.

மாமனாருக்கு முகம் விழுந்துவிடும் என்று பயந்தேன். விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க மாமா கில்லாடிம்மா!" என்று தானே கடைக்குப் போய் எண்ணெய் வார்னிஷ் வாங்கி வந்தார். தூசி விழாமல் துணிக்கூரை கட்டி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு தேய்த்துத் தேய்த்து அடித்தார். மரம் தேன் நிறத்தில் நிற்கிறது.

முன்பலகையில் என்னைக்கூட உட்கார விடவில்லை. "பந்தயம்னா பந்தயம். அவர் வந்து உக்காரட்டும்" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறோம். அம்மா உங்களைப் பற்றி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாள். வருவீர்கள்தானே?

உங்கள் மருமகள்

மார்ச் 30

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதத்தைத் தெருவே கூடிக் கேட்டது. தபால்காரர் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். மீசை முழுசாக இருக்கிறது, வந்து பார்.

விழுந்து விழுந்து சிரித்தாரா? ஒரு வார்த்தை சண்டை போட்டிருக்கக் கூடாதா அந்த மனிதர்? நான் எத்தனை பதில் யோசித்து வைத்திருந்தேன்!

சரி, கேள். உன் மாமன் ஆயுசில் யாருக்கும் மண்டியிட்டவன் இல்லை. முட்டியும் அதையே பிடித்துக்கொண்டது, மடங்க மாட்டேன் என்கிறது. முன்பலகையில் இருப்பவன் காற்று மாறும்போது மண்டி போட்டுப் படகின் மறுபக்கம் தாவ வேண்டும். சம்பந்தியே உட்காரட்டும். பாயின் அடிக்கழி திரும்பும்போது சம்பந்தி என்றெல்லாம் பார்க்காது. தலையைக் குனியச் சொல். நீயும் அவரையே பார்த்துக்கொண்டு சுக்கானை விட்டுவிடாதே.

உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு வார்னிஷின் அழகு என்ன தெரியும்? கரையிலிருந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஓரமாக எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. கை வைத்த நாற்காலியாக இருக்கட்டும்.

உன் மாமா