ஈரம் காயாத ஆரஞ்சு

மதினி,

கடையிலிருந்து திரும்பி வந்த பெட்டி ஒன்றை இன்று காலை பிரித்தேன். சுற்றிய பிளாஸ்டிக் தாளுக்குள் ஒரு ஆரஞ்சு பச்சையாய்ப் பூசணம் பிடித்திருந்தது. அந்தப் புளித்த வாடை மூக்கில் ஏறியது. நீங்கள் செத்து நாலு மழைக்காலம் ஆகிறது. இந்தப் பழம் சுற்றுகிற ஷெட்டை விட்டு மட்டும் நீங்கள் இன்னும் போகவில்லை.

காந்தலூர் மலை ஆரஞ்சை ஒவ்வொன்றாகத் தாளில் இறுக்கிச் சுற்றும் வேலைக்கு நாம் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். சும்மா வைத்தால் சீக்கிரமே தோல் சுருங்குகிற பழம், சுற்றி வைத்தால் வாரக்கணக்கில் பறித்த மாதிரியே கிடக்கும். ஆனால் மூடுபனியில் பறித்ததை அன்றே சுற்றக் கூடாது. சாக்கில் பரப்பிக் காயவிட வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளேயே வேர்த்துக் கெட்டுவிடும். நாங்களெல்லாம் கையால் தொட்டுப் பார்ப்போம். நீங்கள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பீர்கள்.

"குளிருக்குக் கை மரத்துப் போயிரும் புள்ள. கன்னத்துக்குத்தான் ஈரம் தெரியும்" என்பீர்கள். பழத்துக்குப் பவுடர் பூசுகிறீர்களா என்று நான் கேலி செய்வேன்.

அன்றைக்குப் பெட்டி ஏற்றும் ஜீப் முன்னதாகவே வந்துவிட்டது. வீட்டில் என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டால்தான் சீக்கிரம் போக முடியும்.

"கீழ சாக்குல இருக்கிறது காஞ்சிருச்சா புள்ள?" என்று கேட்டீர்கள்.

"பாத்துட்டேன் மதினி, காஞ்சிருச்சு" என்றேன். தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நீங்களும் என்னை நம்பிச் சுற்றினீர்கள்.

சித்தூர்க் கடையில் பிரித்தபோது அத்தனையும் பூசணம். யார் பார்த்தது என்று முதலாளி கத்தினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "நாந்தான் பாத்தேன் மொதலாளி" என்றீர்கள். வெளியே வந்து ஏன் மதினி என்று அழுதேன். "கைப்பிள்ளக்காரி நீ. விடு" என்றீர்கள்.

உங்களை ஏலக்காட்டு வேலைக்கு அனுப்பினார்கள். ஏற்கெனவே இழுப்பு உள்ள நெஞ்சு. இரண்டு மழைக்காலம் நனைந்தீர்கள், மூன்றாவது உங்களைக் கொண்டுபோய்விட்டது. அந்த மழையில் நிற்க வேண்டியவள் நான்.

இப்போது பழம் பார்ப்பது என் பொறுப்பு. தாளுக்குள் ஆவி படிந்திருந்தால், உள்ளேயிருந்து நீங்கள் மூச்சு விடுகிறீர்கள் என்றே தோன்றுகிறது. பயந்துபோய் நல்ல பழத்தையும் பிரித்துவிடுகிறேன். பைத்தியம் என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

நேற்று உங்கள் மகள் வேலை கேட்டு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"எங்கம்மா செஞ்ச தப்ப மனசுல வச்சுக்கிராதீங்க அத்தே. நான் பாத்து கவனமா செய்வேன்."

சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. "நாளைக்கு வா" என்றுதான் சொன்னேன்.

அவள் குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், மதினி. நான் காலை நகர்த்தவில்லை.