கீழ் லயத்துப் பட்டியல்

ஜூன் 11, புதன்.

மண்சரிவு அபாயம் என்று தோட்டத்தின் கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் குடும்பங்களை இன்று லொறியில் பாடசாலைக்கு அனுப்பினார்கள். பட்டியலை அச்சிட்டது நான் எழுதிய கணினி நிரல். பெயர்கள் கட்டத்துக்குள் அடங்க, இணையத்தில் எடுத்த ஆயத்த நிரல் துண்டைக் கொண்டு பத்து எழுத்தோடு வெட்டினேன். ஒரே பெயர் இருமுறை வந்தால் ஒன்றை நீக்கவும் சொல்லியிருந்தேன்.

மூன்று மணிக்குக் கீழ் லயத்துச் செல்வி கைக்குழந்தையோடு ஆபீசுக்கு வந்தாள்.

"ஐயா, அக்கா பேரு இருக்காம். எங்க பேரு இல்லைனு லொறியில ஏத்த மாட்டேங்கிறாங்க."

உடனே புரிந்தது. இங்கே அப்பா பெயர்தான் முதலில் வரும். இருவருமே முத்துக்கருப்பன் மகள்கள். அந்தப் பெயர் மட்டும் மிஞ்ச, தங்கை நீக்கப்பட்டுவிட்டாள்.

எனக்கு வர வேண்டிய தலைமை எழுத்தர் நாற்காலியில் இருக்கும் பெரிய கிளாக்கர் சிரித்தார். "என்னங்க, ஒங்க கம்ப்யூட்டர் ஆளையும் முழுங்குமா?"

"முழுங்காதுங்க. இவங்கதான் பதிஞ்சிருக்க மாட்டாங்க" என்றேன்.

அவள் குழந்தையோடு லயத்துக்கே திரும்பிப் போனாள்.

நிரலைத் திருத்திவிட்டேன். இப்போது பெயர் வருகிறது. பெரிய கிளாக்கரைப் போனில் அழைத்து, பிழை என்னுடையது என்று சொல்ல வேண்டும். மூன்று முறை எண்ணைத் தட்டி நிறுத்திவிட்டேன். மழை வலுத்துவிட்டது. கீழ் லயத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் விளக்கு எரிகிறது.