தம்பி இல்லை என்று கையெழுத்திட்ட அக்காவுக்கு

என் அருமை செல்வி அக்கா,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. எல்லோரும் என்னை அழச் சொல்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதினொரு வருடம் அந்த நோயோடு எவ்வளவு சாதாரணமாக இருந்தாய்! ரத்தம் தடித்துப்போகிற, மெதுவாக வளரும் புற்றுநோய். மாத்திரையும், அவ்வப்போது கொஞ்சம் ரத்தம் எடுப்பதும் போதும் என்றார்கள். கோர்படி வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போவாய். அங்கிருந்து நேராக ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போய்விடுவாய். "ரிப்போர்ட் என்னக்கா?" என்று கேட்டால், "அதேதான்டா, மாத்தமில்ல" என்பாய். நம்பினேன்.

நீ வகுப்பில் மயங்கி விழுந்த அன்று, விமான் நகர் ஆபீஸிலிருந்து ஓடி வந்தபோதுதான் உன் டாக்டரை முதல் தடவையாகப் பார்த்தேன். நோய் வேகமான ரத்தப் புற்றுநோயாக மாறிவிட்டது என்றார். ஒன்றரை வருடத்துக்கு முன்பே சோதனையில் தெரிந்ததாம்: கெட்டுப்போகும் செல்லைத் தடுத்து நிறுத்த வேண்டிய ஜீனே உன் ரத்தத்தில் பழுதாகியிருந்தது. முற்றுவதற்குள் எலும்பு மஜ்ஜை மாற்றிப் பார்க்கலாம், கூடப்பிறந்தவர்கள் கொடுத்தால் பொருந்த வாய்ப்பு அதிகம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்.

"நீங்க அவங்களுக்கு யாரு?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"தம்பி."

"சொந்தத் தம்பியா?"

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று எழுதி, கீழே உன் கையெழுத்து.

வார்டுக்கு வந்து, "ஏன்க்கா?" என்றேன்.

"உன் பொண்டாட்டி அப்ப முழுகாம இருந்தாடா. உனக்கு ஏதாவது ஆயிட்டா?"

"அத நான்ல சொல்லணும்? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். நான் வெளியே போய்விட்டேன். மறுநாள் வந்தபோது உனக்கு நினைவு தப்பியிருந்தது; அதற்குப் பிறகு நீ கண் விழிக்கவேயில்லை.

என் மஜ்ஜை பொருந்தியிருக்குமா? பொருந்தியிருந்தாலும் பிழைத்திருப்பாயா? டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போராடித் தோற்பதற்காவது என்னை விட்டிருக்கலாமே அக்கா. உன் உடம்பு உன்னை ஏமாற்றியது; நீ என்னை ஏமாற்றினாய்.

பாப்பா இப்போது நடக்கிறாள். உன் போட்டோவைக் காட்டி "அத்தை" என்கிறாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

போன வாரம் ஒரு மருத்துவ கேம்ப்பில் மஜ்ஜை தானத்துக்குப் பெயர் கொடுத்தேன். கன்னத்தின் உள்ளே பஞ்சுக்குச்சியால் தேய்த்து எடுத்தார்கள், அவ்வளவுதான். யாருக்காவது பொருந்தினால் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டால் கட்டாயம் போவேன். என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போவேன். எதையும் மறைக்க மாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

மன்னித்துவிட்டேன் என்று மட்டும் இன்னும் எழுத முடியவில்லை.

உன் சொந்தத் தம்பி,
முருகன்