உலக்கையில் கட்டிய படம்

மச்சான்,

கடைக்குள் வேப்பிலை வாடை இன்னும் போகவில்லை. நீ எடுத்த தவளைப் படம் மஞ்சள் தண்ணீரில் ஊறி, ஓரமெல்லாம் உப்பிப்போய், ஃபேனுக்கு அடியில் காய்கிறது. நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டாய். எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

அந்தப் படத்தில் இருப்பது, பிச்சாட்டூர் டேம் கால்வாயில் முதல் மழைக்கு வெளியே வந்த ஆண் தவளை. உடம்பெல்லாம் மஞ்சள். தாடைக்கு இரண்டு பக்கமும் நீலப் பை உப்ப, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. நீ சேற்றில் குப்புறப் படுத்துக்கொண்டாய். ஒரு தண்ணிப்பாம்பு உன் முழங்கையை ஒட்டி வந்தது. நான் அலறினேன். "கம்முனு இருடா, அதுவும் துன்னணுமில்ல?" என்று அதையும் ஒரு படம் எடுத்தாய்.

இந்த வருஷம் ஆடி போயும் மழை இல்லை. பக்கத்துத் தெரு ஜெயம்மா அக்கா கடைக்கு வந்தாள். மழை பொய்த்தால் கப்பதல்லி, அதான் தவளையம்மா, எடுப்பது அவள்தானே. உலக்கையில் தவளையைக் கட்டி, வேப்பிலை சுற்றி வீடு வீடாகத் தூக்கிப்போவாள். வாசலுக்கு வாசல் தண்ணீர் ஊற்றுவார்கள். போன தடவை நீ அவளோடு மல்லுக்கு நின்றாய். "இறுக்கிக் கட்டாதேக்கா, மழை வர்றதுக்குள்ள அது செத்துப்பூடும்" என்று கூடவே நடந்து, கடைசியில் நீயே அவிழ்த்துக் கால்வாயில் விட்டாய்.

"தவள கெடைக்கல தம்பி. நீதான் படம் புடிச்சிக்கினு திரியறியே, ஒண்ணு கொண்டாயேன்" என்றாள்.

"ஒண்ணு இன்னாக்கா, பத்து கொண்டாறேன்" என்று சிரித்தேன்.

விடியற்காலையில் வண்டியை எடுத்தேன். டேம் கால்வாய், போர்வெல் தொட்டிகள், விஜயபுரம் பக்கம் நெல் வயல், நாம் படுத்துப் புரண்ட இடமெல்லாம் பார்த்தேன். தொட்டி ஓர ஈரத்தில் எப்போதும் நாலு தவளைக் குஞ்சாவது துள்ளுமே, அதுகூட இல்லை. பூச்சிமருந்து அடித்த வாடைதான் இருந்தது. தண்ணிப்பாம்பையும் காணோம்.

வெறுங்கையோடு வந்தேன். "வெளையாடறியா?" என்று முறைத்தாள் அக்கா. என் முகத்தைப் பார்த்தபிறகு, சுவரில் மாட்டியிருந்த உன் தவளைப் படத்தைக் காட்டினாள். "அப்ப அதைக் குடு."

கழற்றிக் கொடுத்தேன். உன் படத்தை உலக்கையில் கட்டித் தெருத்தெருவாகத் தூக்கிப்போனார்கள். எல்லா வாசலிலும் குடம் குடமாக ஊற்றினார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நீ இருந்தால் உலக்கையைப் பிடுங்கி எறிந்திருப்பாய். நான் சும்மா பின்னால் போனேன்.

நேற்று கொட்டித் தீர்த்துவிட்டது. அக்கா நனைந்துகொண்டே படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். முகமெல்லாம் சந்தோஷம். "பாத்தியா, படத்துக்கே வந்துடுச்சு! பத்திரமா வை தம்பி, இனிமே இதுவே போதும்."

கேமராப் பையை மாட்டிக்கொண்டு கால்வாய்க் கரைக்கு ஓடினேன். பொழுது சாயும்வரை நின்றேன். தண்ணீர் புரண்டு ஓடியது. மழைச் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை, ஒரு தவளைகூடக் கத்தவில்லை. காமாலை முற்றி நீ போன அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அழுதேன், பயப்படவில்லை. நேற்று பயந்தேன். பையின் ஜிப்பைக்கூடத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன். அக்கா சொன்ன அந்த 'இதுவே போதும்' இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது மச்சான், விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.