இடது பக்கத்து மைக்

தாராவி,
1 டிசம்பர் 2024

நெருள் ஹாஸ்டலில் சிறைவாசம் செய்யும் மாண்புமிகு சவுண்டு மந்திரி முத்துசெல்வம் அவர்கள் சமூகத்துக்கு, ‘தகர டப்பா’ இசைக்குழுவின் டிரம்மர் பைசான் எழுதிக்கொள்வது:

இங்கு நான் நலம். அங்கு நலமா என்று கேட்கமாட்டேன், உங்கள் மெஸ் பருப்பைப் பற்றி என் கூடப்பிறந்த லாத்தா எல்லாம் சொல்லிவிட்டாள். அவள் நெருளில் பல் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்ததே நமக்குத் தபால்காரி ஆகத்தான். உன் போனைப் பிடுங்கி வைத்திருக்கும் வார்டன் இதைப் பிரித்துப் பார்த்தாலும் கவலையில்லை, அவருக்குத் தமிழ் தெரியாது. ஏழாவது வரை முனிசிபல் பள்ளியில் நாம் தமிழ் படித்ததற்கு இப்போதுதான் கூலி கிடைக்கிறது. (வார்டன் சார், உங்கள் மீசை ராஜ மீசை.)

விஷயம் இதுதான். பொங்கலன்று நம் தெருவிலேயே மேடை. நம் குழு வாசிக்கிறது. டிரம்ஸுக்கு மேலே கட்டுகிற மைக்கில் இரண்டு ஜோடி காட்டினார் செம்பூர் ஜம்பு அண்ணன், அதாவது நமக்கு எப்போதும் மைக் வாடகைக்குத் தரும் அந்தப் புண்ணியவான். ஒரு ஜோடி பென்சில் மாதிரி ஒல்லி. இன்னொன்று சோடா பாட்டில் மாதிரி குண்டு. “பொங்கல் சீசன்ல ஒண்ணும் மிஞ்சாது தம்பி, ஜல்தி சொல்லு” என்கிறார். எனக்குக் குண்டுதான் பிடித்திருக்கிறது. பார்க்கவே ஒரு கெத்து. நீ என்ன சொல்கிறாய்?

இப்படிக்கு,
உன் தலைவலி,
பைசான்


நெருள்,
5 டிசம்பர்

அன்புள்ள தலைவலிக்கு,

ஒல்லியை எடு. குண்டு நல்ல மைக்தான், ஆனால் மூடிய அறைக்கு. நம் தெருவில் அது விஜயராணி பாடுவது, பக்கத்து ஸ்பீக்கர், வடாபாவ் கடைக்காரர் கரண்டி தட்டுவது எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும். ஒல்லிக்குத் தான் பார்க்கும் திசைதான் முக்கியம். மேடைக்கு அந்தக் குணம்தான் வேண்டும்.

சிம்பல் தட்டுக்கு மேலே ஒரு முழத்துக்குமேல் தூக்காதே. உன் வாப்பாவின் பட்டறையில் பை தைக்கிற நூலில் கொஞ்சம் வாங்கிக்கொள். உன் முன்னால் இருக்கும் ஸ்னேர் டிரம்மின் நடுவில் ஒரு முனையைப் பிடித்து, இரண்டு மைக்கும் அதிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்து பார். இல்லாவிட்டால் ஸ்னேர் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும்.

ஒத்திகையைப் பதிவு செய்து ஹெட்போனில் கேட்டுச் சொல். நியாயமாகச் சொல். போன விழாவில் சவுண்டு செக்கிங் நேரத்தில் விஜயராணி வாயை மட்டும் அசைக்க, பாபு கிதார் கம்பியைத் தொடாமலே கையை ஆட்ட, நீ குச்சியைக் காற்றில் வீச, லைன் செத்துவிட்டது என்று நான் கேபிள் கேபிளாக மாற்றிக்கொண்டு கிடந்தேனே. தெருவே சிரித்தது. அந்த வேலை இந்தத் தடவை வேண்டாம்.

லீவுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நம்பிக்கை இல்லை.

அன்புடன்,
செல்வம்


தாராவி,
12 டிசம்பர்

கேபிள் மாற்றும் கலையில் வல்லவனான மந்திரிக்கு,

ஒல்லிகள் வந்துவிட்டன. நூல் பிடித்து அளந்தாயிற்று. “பை தைக்கிற நூல்ல பாட்டு தைக்கப் போறியாலே?” என்று வாப்பா கேட்டார். எனக்குக் கலாய்ப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்ததா?

ஆனால் ஒரு மைக் சண்டித்தனம் செய்கிறது. பாபு வீட்டு மாடியில் பதிவு செய்து கேட்டேன். வலது பக்கத்தில் சிம்பல் சில்லென்று விழுகிறது. இடது பக்கத்தில் யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கிறது. மைக்குகளை இடம் மாற்றினேன். அப்போதும் இடதுதான் போர்வை. கேபிளை மாற்றினேன், அதே கதை. ஜம்பு அண்ணனைக் கேட்டால், “ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த புள்ளைங்கப்பா, பேதம் கெடையாது” என்று சத்தியம் செய்கிறார்.

வீட்டிலும் நிம்மதியில்லை. இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் நான் வேண்டுமென்றே பதில் சொல்வதில்லை என்று லாத்தா புகார். “கூப்புடுதது காதுல விழலியா, நடிக்கியா?” என்று உம்மா. நடிகன் என்று பேர் வாங்கியவன் பாடு இதுதான்.

குண்டு மைக்கையே எடுத்துவிடவா?

பைசான்


நெருள்,
17 டிசம்பர்

பைசான்,

கடிதத்தைப் படித்ததும் மறுபடி என்னை முட்டாளாக்கப் பார்க்கிறாய் என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது அப்படித் தோன்றவில்லை.

மைக்கை மாற்றினாய், குறை மைக்கோடு போகவில்லை. கேபிளை மாற்றினாய், கேபிளோடும் போகவில்லை. அதனால் குண்டு மைக் வாங்கி ஒன்றும் ஆகாது. இன்னும் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. ஹெட்போனைத் திருப்பி மாட்டு. இடது காதுக்கானதை வலது காதில், வலது காதுக்கானதை இடது காதில். இப்போது போர்வை எந்தக் காதில் இருக்கிறது என்று மட்டும் சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

செல்வம்


தாராவி,
22 டிசம்பர்

துப்பறியும் சிங்கத்துக்கு,

வார்டன் மீசைக்குத் தினமும் எண்ணெய் போடுகிறாராமே, லாத்தா ரோட்டில் பார்த்தாளாம். அந்த மீசையில் இரண்டு முனைக்கும் ஒவ்வொரு ஒல்லி மைக்கைக் கட்டினால் ஸ்டாண்டு மிச்சம். மாஹிமில் விஜயராணியின் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோழி இருக்கிறது, அது பாபு கிதார் வாசிக்கிற சுருதியிலேயே கத்துகிறது. கோழிதான் கொஞ்சம் சுத்தம்.

அப்புறம், பாபுவின் தம்பியும் நன்றாகத்தான் டிரம்ஸ் வாசிக்கிறான். பொங்கலுக்கு அவனையே உட்காரவைத்தால் என்ன என்று யோசிக்கிறேன். எனக்கும் பரீட்சை இருக்கிறது இல்லையா?

பைசான்


நெருள்,
26 டிசம்பர்

பைசான்,

மீசைக்கு இடம் இருந்தது, கோழிக்கு இடம் இருந்தது. நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. பரீட்சைக்காக நீ எதையாவது விட்டுக்கொடுத்தாய் என்று சொன்னால் உன் உம்மாவே நம்பமாட்டாள்.

ஹெட்போனைத் திருப்பி மாட்டினாயா, இல்லையா?

இது கலாய்ப்பு என்றால் நான் கோபப்படமாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், உன் விளையாட்டாகவே இருந்துவிடட்டும் என்று ஆசைப்படுவது இதுதான் முதல் தடவை.

செல்வம்


தாராவி,
3 ஜனவரி 2025

செல்வம்,

உன் கடிதம் வந்த அன்றே மாட்டினேன் என்று எழுதினால் பொய். அதற்கு முந்தின கடிதத்துக்கே மாட்டிவிட்டேன். திருப்பி மாட்டியும் போர்வை இடது காதில்தான்.

லாத்தாவிடம் மட்டும் சொன்னேன். அவள் தன் டாக்டரிடம் கேட்டு, சயானில் ஒரு காது டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, “சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு” என்றார்கள். வலது காதில் டக் டக்கென்று அமுக்கினேன். அப்புறம் இடது காது. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் டாக்டரம்மாவின் கை வேலை செய்துகொண்டிருந்தது. ஆரம்பித்து வெகு நேரம் ஆகியிருக்கிறது, மக்கா. போன விழாவில் சவுண்டு மிக்ஸருக்குப் பின்னால் உன் முகம் எப்படி இருந்ததோ, அப்படித்தான் என் முகமும் இருந்திருக்கும்.

மெல்லிய கூர்மையான சத்தங்கள் இடது காதில் போய்விட்டன. ஹை-ஹாட் சிம்பல் இருப்பது அந்தப் பக்கம், மேடையில் மானிட்டர் ஸ்பீக்கரை நான் வைக்கச் சொல்வதும் அந்தப் பக்கம்தான், அந்தச் சத்தமே காதைத் தின்றிருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், காதில் பிளக் போட்டுக்கொண்டு வாசிக்கலாம் என்றார். வாப்பா என் டிரம்ஸ் மேல் ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

எல்லாரும் என்னிடம் கத்திப் பேசுகிறார்கள். வலது காது நன்றாக இருக்கிறது என்று யாரும் நம்புவதாக இல்லை. பாபு என்னைத் திட்டுவதையே நிறுத்திவிட்டான். அதுதான் தாங்கமுடியவில்லை.

சிம்பலைச் சரியாகக் கேட்கமுடியாதவன் எப்படிடா டிரம்மர்?

பைசான்


நெருள்,
8 ஜனவரி

அன்புள்ள பைசானுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஆறுதல் சொல்ல வரவில்லை. சவுண்டு வேலை தெரியும், அதையே சொல்கிறேன்.

ஜோடி வேண்டாம். ஒரே ஒரு ஒல்லியை எடு. உன் தலைக்கு நேர் மேலே, ஸ்னேரைப் பார்த்தபடி கட்டுவோம். இடது வலது என்று பிரித்தால்தானே உனக்கு ஒரு பக்கம் குறைகிறது? பிரிக்கவே வேண்டாம். இது உனக்காகச் செய்கிற சலுகை இல்லை. தெருவில் பாதிக் கூட்டம் இந்த ஸ்பீக்கர் பக்கம் நிற்கும், பாதி அந்தப் பக்கம். இரண்டு மைக்கை இரண்டு பக்கம் பிரித்துவிட்டால் யாருக்கும் முழு டிரம்ஸ் கேட்காது. இதை முதல் கடிதத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மானிட்டர் வலது பக்கம் வரும், பாதிச் சத்தத்தில். பிளக் போடாமல் நீ உட்கார்ந்தால் மைக்கைக் கழற்றிக்கொண்டு போய்விடுவேன்.

போய்விடுவேன் என்றால், வந்திருப்பேன் என்று அர்த்தம். வார்டனுக்கு உன் கடிதத்தில் மீசை பற்றிய முதல் வரியை மட்டும் மொழிபெயர்த்துக் காட்டினேன். லீவு கிடைத்தது. அவர் போனிலேயே வாப்பாவிடமும் பேசிவிட்டேன். டாக்டர் சொன்னதையும், நான் செய்யப்போவதையும் சொன்னேன். பட்டறையில் மிஷினை நிறுத்தச் சொன்னார். அப்புறம், “நீயும் கூட இருப்பியாலே?” என்றார். இருப்பேன் என்றேன்.

பாபுவின் தம்பியிடம் சொல்லிவிடு, அவன் பரீட்சைக்குப் படிக்கட்டும்.

அன்புடன்,
செல்வம்


தாராவி,
16 ஜனவரி

துரோகி, சண்டாளா, மந்திரி,

நேற்று முழுக்க யோசித்தும் உன்னைத் திட்ட வார்த்தை போதவில்லை.

பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நான் டிரம்ஸில் உட்காருகிறேன். நீ மிக்ஸருக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்கிறாய், சத்தம் இல்லை. விஜயராணி வாயைத் திறந்து பாடுகிறாள், சத்தம் இல்லை. பாபு கிதாரை இழுத்து இழுத்து வாசிக்கிறான், சத்தம் இல்லை. தெருவில் ஒருத்தர்கூட இருமவில்லை. எத்தனை பேரைச் சரிக்கட்டினாயோ! வலதும் போய்விட்டது என்று எனக்கு உயிரே நின்றுவிட்டது. கையிலிருந்த குச்சி நழுவிப் பலகையில் விழுந்தது.

டக்.

கேட்டது. அப்போதுதான் உன் மூஞ்சியைப் பார்த்தேன். தெருவே சிரித்தது. கூட்டத்தில் வாப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் எறிந்த இரண்டாவது குச்சி உன்மேல் படாமல் போனது இன்றுவரை வருத்தம்.

ஒரு மைக்கில் பாட்டு நன்றாகத்தான் வந்தது. பாபு பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டேன். முழுசாக ஒரு காதில் கேட்டது, அது போதும். பாதிப் பாட்டிலேயே பாபு, “லே, வேகமாப் போவாதலே, ரயிலா புடிக்கணும்?” என்று பழையபடி திட்டினான். பதினைந்து நாளாக ஊரே என்னைக் கண்ணாடி டம்ளர் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தது, செல்வம். கீழே போட்டுப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான்.

போர்வையை வாப்பா மடித்துப் பரணில் போட்டுவிட்டார்.

பழிக்குப் பழியாக லாத்தாவிடம் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிரிக்கும்போது வார்டனின் மீசை பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தகர டப்பாவின் டிரம்மர்,
பைசான்