பிஸ்கட் குரைத்தது

14 ஜூன், ஞாயிறு

எழுத உட்கார்ந்தால் சிரிப்புதான் வருகிறது. பிஸ்கட் இன்று குரைத்துவிட்டது!

முட்டுக்காட்டுச் சாலையோரம், கழுத்தில் கம்பி இறுகிக் கிடந்த குட்டியை நாங்கள் தூக்கிவந்து இரண்டு வருடமாகிறது. தொண்டை நசுங்கிவிட்டது, இனிச் சத்தம் வராது என்றார் டாக்டர். எங்கள் மற்ற மூன்று நாய்களும் தெருவையே அலறவிடும். பிஸ்கட் மட்டும் பக்கத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும்.

காலையில் தண்ணீர் கேன்காரர் கேட்டைத் திறந்தார். மூன்றும் பாய்ந்தன. பின்னாலேயே உடைந்த ஹாரன் மாதிரி ஒரு சத்தம். தோசையைக் கல்லில் விட்டுவிட்டு ஓடினேன். என் வீட்டுக்காரர் முட்டி போட்டு, "இன்னொரு தபா, கண்ணு!" என்று கெஞ்சினார். பிஸ்கட் இன்னும் இரண்டு முறை குரைத்தது. உடனே மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டன.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வந்துவிட்டார். நாய்ச் சத்தத்துக்காக மாதம் தவறாமல் சண்டைக்கு வருபவர்.

"இன்னாம்மா இது? ஞாயித்துக்கெழமகூட தூங்க வுட மாட்டீங்களா?"

"அக்கா, உங்களுக்கும் கேட்டுச்சா? நம்ம பிஸ்கட்தான் அக்கா, பிஸ்கட்!" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எது, அந்த ஊமக்குட்டியா?"

அக்கா பிஸ்கட்டுக்கு எதிரில் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கால் மணி நேரம். அது வாலை மட்டும் ஆட்டியது.

எழுந்து போகும்போது சொன்னார்: "மறுபடி கொலைச்சா போன் போடு. எந்நேரமா இருந்தாலும் சரி."